கூகுள் ஒரு ஆளாக உட்கார்ந்திருந்தால்: மூன்று நிமிட காமெடி வீடியோ எடுப்பது எப்படி

மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, போனில் தட்டித் தேடுவதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். இந்த வகை வீடியோவுக்குக் கரு இவ்வளவுதான். 2014-இல் அமெரிக்காவின் காலேஜ்ஹ்யூமர் காமெடிக் குழு, பிரையன் ஹஸ்கி என்ற நடிகரைக் கூகுளாக உட்காரவைத்து எடுத்த தொடர் இதைப் பிரபலமாக்கியது. தேடுபொறிக்கு முகம் கொடுக்கும் யோசனை அதைவிடப் பழசு. ஆஸ்க் ஜீவ்ஸ் என்ற தேடுதளம் 1990-களிலேயே கோட்டு போட்ட ஒரு பட்லரை முகப்பில் நிறுத்தியிருந்தது. 2006-இல் அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனால் பணிவான பட்லரை வைத்து இந்த வீடியோவில் சிரிப்பு வரவழைக்க முடியாது. அலுத்துப்போய், ஆனாலும் யாரையும் திருப்பியனுப்ப முடியாத ஒரு கவுன்ட்டர் ஊழியர்தான் வேண்டும்.

தேவையானவை: ஒரு அறை, மேசை, நாற்காலி, ஐந்தாறு நடிகர்கள், ஒரு போன், ஒரு டிரைபாட், இரண்டு காலர் மைக், ஒரு கட்டு ஏ4 தாள். மேசையில் "விசாரணை" என்று ஒரு பலகை வைத்தால் போதும், மற்றதைப் பார்ப்பவர் புரிந்துகொள்வார். கூகுளின் லோகோவை ஒட்டாதீர்கள். பேனா, கோப்பு, சட்டை என்று நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சையைத் தூவிவிட்டால் வேலை முடிந்தது.

எழுதுவதுதான் பாதி வேலை

முதலில் நாற்பது தேடல்களையாவது எழுதுங்கள். பிறகு பதினைந்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கற்பனையில் எழுதும் தேடல்கள் பெரும்பாலும் செயற்கையாகத்தான் இருக்கும். உங்கள் கூகுள் கணக்கில் பழைய தேடல்கள் பதிவாகும் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தைத் திறந்தால் நீங்களே மறந்துபோன பொக்கிஷம் கிடைக்கும். நண்பர்களின் பட்டியலையும் கேட்டு வாங்கலாம், எதை எடுக்கிறீர்கள் என்று அவர்களிடம் காட்டிவிட்டு. நோய், கடன், காதல் சம்பந்தப்பட்டதென்றால் ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றிவிடுங்கள். தற்கொலை, வன்முறை பற்றிய தேடல்களைச் சிரிப்புக்கு எடுக்கவே கூடாது.

அடுத்தது பேச்சு. தேடுபொறிக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை, நன்றி சொல்வதில்லை, முழு வாக்கியமும் பேசுவதில்லை. ஆகவே வருபவர் "சார், கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் காட்சி செத்துவிடும். "மதுரை தேனி கடைசி பஸ்" என்று வினைச்சொல்லே இல்லாமல் சொல்லிவிட்டு வெறித்துப் பார்க்க வேண்டும். புதியவர்கள் அதிகமாகக் கோட்டைவிடுவது இங்கேதான். வாசிப்பு ஒத்திகையிலேயே சார், அண்ணா, ப்ளீஸ் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். கூகுள் மட்டும் எல்லோரையும் "நீங்க, வாங்க" என்றே பேசட்டும்.

ஒவ்வொரு ஜோக்கும் தேடுபொறி நிஜமாகவே வேலை செய்யும் ஒரு விதத்தின்மேல் நிற்க வேண்டும். அது இல்லாதது வெறும் கோமாளித்தனம். இரண்டாவது தடவை யாரும் பார்க்கமாட்டார்கள். தானாக வாக்கியத்தை முடிக்கும் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் என்ன தேடினார்கள் என்பதையும் வைத்துத்தான் அது ஊகிக்கிறது. வந்தவர் "மாமியாரை எப்படி…" என்று இழுக்கும்போதே கூகுள் "சமாளிப்பது? சமாதானப்படுத்துவது? கவர்வது?" என்று அடுக்குகிறார். அவர் நிதானமாக, "வாட்ஸ்அப்பில் பிளாக் செய்வது" என்று முடிக்கிறார். கூகுள் அதையும் நோட்டில் குறித்துக்கொள்கிறார், அடுத்து வருபவருக்காக.

விளம்பரம் இன்னொன்று. முடிவுகளுக்கு மேலே நான்கு விளம்பரங்கள் வரை வரலாம் என்பதால், கேட்டதைக் கொடுக்கும்முன் சம்பந்தமில்லாத நான்கு தாள்களைச் சிரித்த முகத்தோடு நீட்டச் சொல்லுங்கள். பிரவுசரில் ரகசியமாகத் தேட உதவும் இன்காக்னிட்டோவுக்கு ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரலாம். கூகுள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, துண்டையும் விலக்கக் கூடாது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தால் போதும். போகும்போது அந்த ஆள் தன் சொந்த டைரியில் ஒரு பக்கத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு நிம்மதியாகப் போகிறார். இன்காக்னிட்டோ செய்வதும் அதைத்தான்: உங்கள் சாதனத்தில் வரலாறு தங்காது, இணைய நிறுவனத்துக்கும் தளத்துக்கும் நீங்கள் வந்தது தெரியலாம்.

நாம் கேட்கும் விதமே பதிலைத் தீர்மானிப்பது இன்னும் நல்ல சரக்கு. கணவர் வந்து "காபி உடம்புக்கு நல்லது" என்கிறார், ஒரு கட்டுத் தாள் வாங்கிப் போகிறார். மனைவி வந்து "காபி கெடுதல்" என்கிறார், அதே கனத்தில் இன்னொரு கட்டு. வாசலில் இருவரும் மோதிக்கொள்கிறார்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவதும் தமிழ்க் குழுவுக்கென்றே கிடைக்கும் வரம்: "வயிறு… வலியா, வழியா, வாலியா?" என்று கூகுள் முழிக்கலாம். முடிவுகளுக்கு மேலே ஏஐ எழுதிக்காட்டும், 2024-இல் வந்த பதில் சுருக்கத்துக்கு, கூகுள் தாளை எடுக்குமுன் குறுக்கே விழுந்து நம்பிக்கையோடு தப்பாகப் பதில் சொல்லும் ஒரு புதுப் பையனைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

தனித்தனி ஜோக்குகளைக் கோக்க ஒரு ஆள் நாலு தடவை திரும்பி வர வேண்டும். நோய்த் தேடல் எப்போதும் பலிக்கும். "லேசா தலைவலி." கூகுள் மேல் தாளை நீட்டுகிறார்: "தண்ணி குடிச்சிட்டுத் தூங்குங்க." ஆள் அதை விட்டுவிட்டு அடியிலிருக்கும் தாளை உருவுகிறார். "மூளைக் கட்டி அறிகுறி." "நான் அப்படிச் சொல்லலையே." "மூளைக் கட்டி, எத்தனை நாள்." மழைக்காலத்தில் வெளியிடுவதாக இருந்தால் இதற்குப் பதில் ஒரு பள்ளிச் சிறுமி போதும். இரவு ஒன்பது, பத்து, விடிகாலை ஐந்து என்று "நாளைக்கு ஸ்கூல் லீவா" கேட்டுக்கொண்டே வரட்டும். "கலெக்டர் இன்னும் சொல்லல" என்பதே பதில். கூகுளின் கண்வளையம் மட்டும் கருத்துக்கொண்டே போகட்டும்.

கணக்கு இது: பதினைந்து தேடல், சராசரி எட்டு வினாடி, இரண்டு நிமிடம். திரும்பி வருபவருக்கு நாலு தடவை, தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு வினாடி. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். யூடியூப் ஷார்ட்ஸின் உச்சவரம்பும் அதுதான்.

படமாக்கும்போது

ஸ்கிரிப்ட் வரிசையில் எடுக்காதீர்கள். கூகுளின் தோளுக்குப் பின்னாலிருந்து, வருபவர்கள் எல்லோரையும் ஒரே கோணத்தில் வரிசையாக எடுத்து முடியுங்கள். நிற்குமிடத்தில் தரையில் டேப் ஒட்டிவிட்டால் ஆள் மாறினாலும் பிரேம் மாறாது. வெட்டு விழும்போது அதே இடத்தில் வேறு ஆள் முளைப்பதுதான் வேகத்தைக் கொடுக்கிறது. பிறகு கேமராவைத் திருப்பி, கூகுளின் பதில்களை ஒரே மூச்சில் எடுங்கள். கூகுளையும் வருபவரையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கோணத்திலும் கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். தாண்டினால் இருவரும் வேறெங்கோ பார்ப்பதுபோல் தெரியும்.

டியூப்லைட் ஒளியில் பட்டை பட்டையாக மினுக்குகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வினாடிக்குப் பிரேம் 25, ஷட்டர் வேகம் 1/50 வினாடி வைத்தால் நின்றுவிடும். போனின் கேமராவில் அந்த வசதி இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம். போகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வெள்ளைச் சமநிலை (நிறச் சாயல்) மூன்றையும் தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டைக்காரர் வந்ததும் அறை இருண்டுவிடும்.

ஃபேன், ஏசி இரண்டும் அணைந்திருக்க வேண்டும். சுவர் எதிரொலித்தால் கேமராவுக்குப் பின்னால் இரண்டு போர்வையைத் தொங்கவிடுங்கள். யாரும் பேசாமல் முப்பது வினாடி வெறும் அறைச் சத்தத்தையும் பதிவு செய்யுங்கள், வெட்டுகளுக்கு நடுவே ஒட்டுப்போட உதவும்.

கூகுளாக நடிப்பவர் சிரிக்க வைக்க முயன்றால் நிறுத்துங்கள். புருவம் தூக்குவது, தலையில் அடித்துக்கொள்வது எல்லாம் வேண்டாம். கேள்வி வந்தவுடன் பதில், பிறகு அரை வினாடிப் பார்வை, அவ்வளவே.

எடிட்டிங்கில் ஆட்கள் கதவைத் திறந்து நடந்து வருவதையெல்லாம் வெட்டிவிடுங்கள். கடைசி எழுத்து முடியும் இடத்திலேயே அடுத்த ஆளுக்குப் போங்கள். நீண்ட மௌனம் மொத்த வீடியோவிலும் ஒன்றே ஒன்று இருக்கட்டும். தேடல் சொல்லை ஓரம் வளைந்த வெள்ளைப் பெட்டியில் திரையில் காட்டினால், சத்தமில்லாமல் பார்ப்பவருக்கும் ஜோக் போய்ச்சேரும். எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது கேட்டமரன் போன்ற யூனிகோட் எழுத்துரு எடுங்கள். சில செயலிகள் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பிய்த்துப் போடும், ஏற்றுமதி செய்தபின் ஒருமுறை சரிபாருங்கள். செங்குத்து வீடியோவில் அடிப்பகுதியைத் தலைப்பும் பொத்தான்களும் மறைக்கும், பெட்டியை அதற்கு மேலே ஏற்றுங்கள்.

சினிமாப் பாட்டைச் சேர்த்தால் உரிமைக் கோரிக்கை வரலாம். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் எடுங்கள், அல்லது இசையே இல்லாமல் விடுங்கள். தாள் புரளும் சத்தமே இதற்கு நன்றாக இருக்கும். நடிகர் நடிகையர் பற்றிய கிசுகிசுத் தேடல்களில் நிஜப் பெயர் வேண்டாம், "அந்த நடிகர் உயரம்" என்றாலே புரியும். வெளியிட்ட பிறகு கமென்டில் பார்ப்பவர்கள் தங்கள் தேடல்களைக் கொட்டுவார்கள். இரண்டாம் பாகத்துக்கு அவற்றிலிருந்து எடுக்கும்போதும், தேடுபொறியின் ஏதாவது ஒரு குணம் அதில் வெளிப்படுகிறதா என்று பார்த்தே எடுங்கள்.