இண்டக்ஷன் அடுப்புக்குப் பாத்திரமா? பையில் ஒரு காந்தம் இருக்கட்டும்

கடைக்குக் கிளம்பும்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் வையுங்கள். டக்கென்று ஒட்டினால் வாங்கலாம். நழுவி விழுந்தால் வேண்டாம். பக்கவாட்டில் ஒட்டுவது கணக்கில் சேராது, அடிதான் முக்கியம்.

காரணம் இதுதான்: அந்த அடுப்பில் நெருப்பும் இல்லை, பழுக்கும் கம்பியும் இல்லை. கண்ணாடிக்குக் கீழே ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் திசை மாறுகிறது. கூடவே காந்தப்புலமும் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்தாரே, அதேதான் இங்கும். பாத்திரத்தின் அடியிலேயே மின்சாரம் சுழன்று அடி சூடாகிறது. இரும்பில் அது மெல்லிய மேல் அடுக்கில் நெருக்கியடித்து ஓடுவதால் சூடு அதிகம். அலுமினியத்திலும் செம்பிலும் சுலபமாக ஓடிவிடும், சூடு போதாது. மண்சட்டியில் மின்சாரமே ஓடாது.

எவர்சில்வரை மட்டும் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். சில ரகம் ஒட்டும், சில ஒட்டாது. என் வீட்டில் அச்சு அசலாக ஒரே மாதிரி மின்னும் இரண்டு பாத்திரங்கள்: ஒன்றில் பால் பொங்கி வழியும், இன்னொன்றை வைத்தால் அடுப்பு கீச் கீச் என்று கத்தும்!

அப்புறம், அடி தட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். உருண்டை அடி வாணலி இரும்பே ஆனாலும் சரிப்படாது.