ஐசியுவில் இருந்து வீடு திரும்பியவரைத் தேற்றுவது எப்படி? எங்கள் வீட்டில் செய்தது

டிஸ்சார்ஜ் என்று சொன்னதுமே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு எப்போது பால்குடம் எடுப்பது என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். தாராளமாக எடுங்கள், அதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கடுமையான நிமோனியாவால் சுவாசக் கருவியில் இருந்த அம்மாவை பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் ஃபிளாட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, நானும் அக்காவும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டது இது. மாத்திரை அடுக்குவது, ரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாம் வார்டில் தாதியரே காட்டிவிடுவார்கள், அதை நான் தொடவில்லை.

ஐசியுவில் பிழைத்து வந்தவர்களுக்கு உடல் பலம், ஞாபகம், மனம் மூன்றிலும் தொல்லை நீடிக்கலாம். 2010இல் அமெரிக்காவில் கூடிய தீவிர சிகிச்சை நிபுணர்கள் இதற்கு போஸ்ட் இன்டென்சிவ் கேர் சின்ட்ரோம், சுருக்கமாக பிக்ஸ், என்று பெயர் வைத்தார்கள். உங்கள் வீட்டு நோயாளி சோம்பேறியாகிவிட்டார், பிடிவாதம் பிடிக்கிறார் என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

படி 1: வார்டை விட்டுக் கிளம்பும் முன்

மூன்று கேள்விகள் போதும். இந்த மருந்துகளில் எவை ஐசியுவில் ஆரம்பித்தவை, அவற்றை எப்போது நிறுத்துவது? (வயிற்று அமில மாத்திரையும் தூக்கத்துக்கும் குழப்பத்துக்கும் கொடுத்தவையும் யாரும் கேட்காததால் மாதக்கணக்கில் தொடர்ந்துவிடுவது உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள், கேளுங்கள்.) விழுங்குவதைச் சோதித்தார்களா? பிசியோவுக்குக் கடிதம் உண்டா? படுக்கையை விட்டு எழ முடியாத நிலை என்றால் கிளினிக் கேசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) இருந்து வீட்டுக்கே வந்து பார்க்கும் டொமிசிலியாரி சேவை 2014 முதல் இருக்கிறது. அதற்கும் மருத்துவமனைக் கடிதம் வேண்டும், அதனால் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

படி 2: என்ன வாங்குவது

ஒன்றே ஒன்று வாங்கப் பணம் இருந்தால் கமோடு நாற்காலி வாங்குங்கள். இரவில் கட்டில் பக்கத்தில் வைக்கலாம், வாளியை எடுத்துவிட்டால் டாய்லெட் மேலேயே நிறுத்தலாம், குளிக்கவும் அதிலேயே உட்கார வைக்கலாம். வாக்கர் விஷயத்தில் எனக்குச் சக்கரம் இல்லாததுதான் பிடிக்கும், டைல்ஸ் தரையில் சக்கரம் முன்னே ஓடிவிடுகிறது. கை ரொம்பத் தளர்ந்திருந்தால் தூக்கி வைக்க முடியாது, அப்போது பிசியோ சொல்வதைக் கேளுங்கள். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் தவறாகக் காட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாட்டிப் பார்த்தால் நோயாளிக்குத்தான் பயம் கூடும்.

படி 3: சாப்பாடும் நடையும்

தொண்டையில் குழாய் இருந்தவர்களுக்குக் கெட்டியான சாப்பாட்டைவிட தண்ணீரும் ரசமும்தான் சிக்கல். குடித்ததும் இருமல் வந்தாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், சாப்பிட்டதும் படுக்கவிடக் கூடாது. எங்களுக்குக் கை கொடுத்தவை முட்டை, முள் எடுத்த கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் போட்ட கஞ்சி, தௌ ஃபூ ஃபா (மென்மையான சோயா இனிப்பு). புரதம் கட்டாயம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டயட்டீஷியனிடம் கேளுங்கள்.

ஏன் புரதம்? 2013இல் லண்டனில் ஐசியு நோயாளிகளின் தொடையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, 10 நாளில் தசையின் பரப்பு சுமார் 18 விழுக்காடு குறைந்திருந்தது. இது புரிந்தால் "நேற்று நடந்தீங்களே, இன்றைக்கு ஏன் முடியலை?" என்று கேட்க மாட்டோம். கை வைத்த நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவதுதான் முதல் பயிற்சி. அந்த நேரத்தில் அவரால் பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம், அது சரியான அளவு.

படி 4: தொலைந்த நாட்களை எழுதிக் கொடுங்கள்

எங்களை அதிகம் திணற வைத்தது இதுதான். அம்மா இரவில் தூங்க மாட்டார். கேட்டால், தன்னைக் கப்பலில் கட்டிப்போட்டு பட்டர்வொர்த் பக்கம் கொண்டுபோனார்கள், தண்ணீருக்குள் அமுக்கினார்கள் என்பார். உறவுக்காரர்கள் "அதெல்லாம் மருந்து மயக்கம், மறந்துடுங்க" என்று சொல்லச் சொல்ல அவர் பேச்சே குறைந்துபோனது.

ஐசியுவில், முக்கியமாகச் சுவாசக் கருவியில், இருப்பவர்களுக்குச் சித்தக் குழப்பம் வருவது மிகவும் சாதாரணம். உண்மையில் நடந்தது மறந்துவிடும், பயங்கரமான பொய் நினைவு மட்டும் தெளிவாக நிற்கும். ஆனால் அந்தப் பொய்க்குள்ளேயும் நிஜம் இருந்தது. படுக்கைப்புண் வராமல் இருக்கப் போட்ட காற்று மெத்தை ஏறி இறங்கியது, அதுதான் கப்பல். குழாயை இழுத்துவிடாமல் இருக்கக் கையைத் துணியால் கட்டியிருந்தார்கள். சளி உறிஞ்சும்போது மூச்சு முட்டியது. ஒவ்வொன்றாக இதைச் சொன்னபோதுதான் அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார்.

வட ஐரோப்பிய நாடுகளில் தாதியரும் குடும்பமும் நோயாளிக்காக ஐசியு நாட்குறிப்பு எழுதும் வழக்கம் வெகுநாளாக இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்று கிடைக்காவிட்டாலும் பின்னால் எழுதிக்கொள்ளலாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, அனுமதித்த நாளில் இருந்து மெசேஜ்களை மேலே இருந்து படியுங்கள், தேதி நேரம் எல்லாம் அதிலேயே இருக்கும். குழாய் போட்ட நாள், எடுத்த நாள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். பள்ளிக்கூட நோட்டு வாங்கி, ஒரு நாளுக்கு ஒரு பக்கம், பெரிய எழுத்தில் கையால் எழுதுங்கள். போன் செயலி எதுவும் வேண்டாம், விரல் நடுங்குகிறவருக்கு நோட்டுதான் வசதி. அவரிடமே பேசுவதுபோல் எழுதுங்கள்:

"அம்மா, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையில் காய்ச்சல் இறங்கியது. வாயில் குழாய் இருந்ததால் உங்களால் பேச முடியவில்லை. சாயங்காலம் அக்கா வந்து காலுக்கு லோஷன் தடவினார். நீங்க கண்ணைத் திறந்து பார்த்தீங்க."

இவ்வளவுதான். அறிவுரை, கடவுள் காப்பாற்றினார் போன்றவை அதில் வேண்டாம், நடந்தது மட்டும். எழுதியதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள், படிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஐசியுவில் எடுத்த படங்கள் இருந்தால் தனி உறையில் போடுங்கள், அவர் கேட்கும்போது கொடுக்கலாம்.

ஆய்வு என்ன சொல்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2010இல் ஆறு ஐரோப்பிய நாடுகளில் செய்த ஆய்வில், நாட்குறிப்பு பெற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் (பிடிஎஸ்டி) புதிதாக வந்தது. 2019இல் பிரான்சில் 35 ஐசியுக்களில் செய்த ஆய்வில் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அதனால் இதை மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நான் எழுதத்தான் சொல்வேன், ஒரு மனிதருக்குத் தன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. பயம் தணியாமல், தூக்கமில்லாமல், சாகலாம் என்ற பேச்சு வந்தால் நோட்டோடு நிற்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மலேசிய சுகாதார அமைச்சின் ஹீல் (மனநல உதவி) தொலைபேசி எண் 15555.

பின்சேர்க்கை

தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். கடும் நோய்க்கு இரண்டு மூன்று மாதம் கழித்து அப்படிக் கொட்டுவது வழக்கம், பெரும்பாலும் தானாக வளர்ந்துவிடும். எண்ணெய், சீரம் என்று காசைக் கரைக்காதீர்கள்.

கிள்ளானில் இருந்து ஒரு தங்கை, அப்பா ஏடிஎம் எண்ணை மறந்துவிடுகிறார், கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் கோபப்படுகிறார் என்று கேட்டிருந்தார். 2013இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், ஐசியுவில் இருந்தவர்களில், வீடு திரும்பி மூன்று மாதம் கழித்தும் ஏறக்குறைய நான்கில் ஒருவருடைய சிந்தனைத் திறன் லேசான அல்சைமர் நோயாளிகளின் அளவில் இருந்தது, இளையவர்களுக்கும் அப்படி இருந்தது. வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் கிளினிக்கில் சொல்லிச் சோதிக்கச் சொல்லுங்கள் தங்கை. அதுவரை கையெழுத்துப் போட வேண்டிய பெரிய விஷயம், கார் ஓட்டுவது இரண்டையும் தள்ளி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் கொடுங்கள், டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

எப்போது திரும்ப மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை முதலில் எழுதாமல் விட்டிருந்தேன், இப்போது சேர்க்கிறேன். திடீரென்று குழப்பமாகப் பேசுவது, நடுக்கத்தோடு காய்ச்சல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, சிறுநீர் மிகக் குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 999ஐக் கூப்பிடுங்கள், ஐசியுவில் இருந்து வந்தவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.