குளிர்கிற மலையிலும் வெயில் உண்டு: தேயிலைத் தோட்டத்துப் பெரியவர்களுக்கு வெயில் பாதுகாப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு நடத்துவது எப்படி

"குளிர் நடுக்குது, பனி மூடிக் கிடக்குது, இதில எங்க வெயில்?" குழு தொடங்கிய அன்றே இந்தக் கேள்வி வரும், பதிலை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். சூடு வேறு, வெயிலில் கண்ணையும் தோலையும் கெடுக்கும் புற ஊதாக் கதிர் வேறு. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் அந்தக் கதிர் 10 சதவீதமாவது கூடும், நுவரெலியா இருப்பதோ 1,868 மீட்டரில். மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. ஏப்ரல் முதல் பாதியிலும், ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரையிலும் நம் இலங்கையில் சூரியன் நேர் உச்சிக்கே வந்து நிற்கும்.

தோல் புற்றுநோயைச் சொல்லி மிரட்டாதீர்கள். நம் நிறத்துக்கு அந்த ஆபத்து குறைவு, ஒரு தடவை கூட்டிச் சொல்லிவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். கண்ணைப் பற்றிப் பேசுங்கள், கன்னத்தில் விழும் கரும்படையைப் பற்றிப் பேசுங்கள். என் அம்மா முப்பது வருசம் கொழுந்து பறித்தவர். கண் ஒப்பரேஷனுக்கு முந்தின வருசம் கொழுந்தையும் முற்றின இலையையும் விரலால் தடவித்தான் பிரித்தார். கண்புரை வயதாலும் சர்க்கரையாலும் வரும்தான், ஆனால் வெயிலும் அதற்கு ஒரு காரணம் என்று அதுவரை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை.

சரி, குழுவுக்கு வருவோம். ஒரு லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) ஆட்கள், அல்லது ஒன்றாக வேலைக்குப் போகும் இருபது முப்பது பேர் போதும். எழுதி அனுப்பாதீர்கள், போஸ்டர் வேண்டவே வேண்டாம், அரை நிமிடத்துக்குள் குரல் பதிவு, அதுவும் அவர்களுக்குப் பழகிய குரலில். நேரம்தான் இதில் எல்லாம். பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போய்விட்டால் போன் வீட்டில் கிடக்கும், இல்லையென்றால் மலையில் சிக்னல் இருக்காது, அதனால் காலை ஐந்தரைக்கு, தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் போய்ச் சேர வேண்டும். தினமும் ஒரே விசயத்தைச் சொன்னால் சலித்துப்போகாதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில் 70 பேருக்குச் சன்ஸ்க்ரீன் (வெயில் தடுக்கும் க்ரீம்) கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் ஆறு வாரம் தினமும் எஸ்எம்எஸ் அனுப்பினார்கள், அன்றைய வானிலையும் பூசச் சொல்லி ஒரு வரியும், அவ்வளவுதான். செய்தி கிடைத்தவர்கள் நூற்றுக்கு 56 நாள் பூசினார்கள், கிடைக்காதவர்கள் 30 நாள்.

வாரத்துக்கு ஒரு பழக்கம் மட்டும் சொல்லுங்கள். முதல் வாரம் துணி. எடுத்த எடுப்பில் அகலத் தொப்பி போடச் சொல்லாதீர்கள், கூடைக் கயிறு மாட்டுவதே தலையில்தானே. தலைத் துணியை இரண்டாக மடித்து நெற்றிக்கு முன்னால் கூரை மாதிரி இழுத்துவிட்டு, பின்கழுத்தும் மறையும்படி கட்டச் சொல்லுங்கள். இடுப்பில் படங்குத் துணி கட்டும்போதே முழுக்கைச் சட்டையையும் போட்டுவிட வேண்டும், ஒரு வேலையோடு இன்னொன்றைச் சேர்த்துவிட்டால் மறக்காது.

இரண்டாவது வாரம் நிழல். உங்கள் நிழல் உங்களை விடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை. இதைப் படித்துப் புரிந்துகொள்ளத் தேவையில்லை, மதியம் கொழுந்து நிறுக்க வரும்போது காலடியைப் பார்த்தாலே போதும். போன் கொண்டுபோகிறவர்கள், மரக்கறித் தோட்டக்காரர்கள், ஆட்டோ ஓட்டும் தம்பிமார், தங்கள் நிழலைப் படமெடுத்துக் குழுவில் போடட்டும். அட்மின் போனில் சன்ஸ்மார்ட் குளோபல் யூவி செயலி இருந்தால் நல்லது, உலக சுகாதார நிறுவனமும் வேறு ஐ.நா. அமைப்புகளும் 2022இல் வெளியிட்டது. அது காட்டும் புற ஊதாக் கதிர்ச் சுட்டெண் 3ஐத் தொட்டாலே மூடிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாரம்தான் சன்ஸ்க்ரீன். ஒருநாள் பேருக்கு (ஒரு நாள் வேலைக்கு) கிடைக்கும் காசில் அது பெரிய செலவு, வாங்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். வாங்குகிறவர்கள் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாமல் பார்த்து முகம், காது, புறங்கைக்குப் பூசட்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பவும். குழுவுக்குள் யாராவது வெள்ளையாக்கும் க்ரீம் விற்க வந்தால் உடனே நிறுத்துங்கள். பாதரசம் கலந்தவை பல இருக்கின்றன, சிறுநீரகத்தையே கெடுக்கும்.

பதில் போடாதவரைக் குழுவில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், பின்னேரம் வாசலில் நின்று விசாரியுங்கள். நான்காவது வாரம் பேசும் வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் குழுவில் அம்மாதான் பேசினார். "கண்ணு, துணிய முன்னுக்கு இழுத்துக் கட்டுங்க, நான் கட்டல" என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லோரும் பதில் போட்டார்கள்.