மெதுவாகிவிட்ட மடிக்கணினி: காரணம் தெரியாமல் கைவைப்பதால் நேரும் தவறுகள்

‘லேப்டாப் ஸ்லோவாகிவிட்டது’ என்று நாம் சொல்லும்போது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறுகளை ஒரே பெயரால் குறிப்பிடுகிறோம். ஹார்ட் டிஸ்க் பழுதாகத் தொடங்கியிருக்கலாம், ரேம் என்னும் தற்காலிக நினைவகம் போதாமல் இருக்கலாம், காற்று வெளியேறும் வழியில் தூசி அடைத்து உள்ளே சூடு ஏறியிருக்கலாம், பொருந்தாத சார்ஜரைச் செருகியிருக்கலாம், அல்லது கணினி நன்றாகவே இருந்து இணைய இணைப்பு மட்டும் மந்தமாக இருக்கலாம். இவற்றில் ஒன்றுக்கான தீர்வு இன்னொன்றுக்குப் பயன்படாது; சில நேரங்களில் கேடாகவும் முடியும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த கணினிகளும், பெங்களூருவிலிருந்து வாங்கிவந்த பழைய அலுவலகக் கணினிகளும் இன்னும் வீடுகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் பலவற்றைக் குறைந்த செலவில் மீட்டுவிட முடியும். கோளாறு எதுவென்று பார்ப்பதற்கு முன்பே பணத்தையும் கோப்புகளையும் இழந்துவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

அந்தத் தவறின் மிகப் பரவலான வடிவம், எடுத்த எடுப்பில் ஃபார்மட் போடச் சொல்வது, அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவச் சொல்வது. தேவையற்ற மென்பொருள்கள் குவிந்தோ வைரஸ் புகுந்தோ மெதுவான கணினிக்கு ஃபார்மட் பலன் தரும் என்பது உண்மையே. ஆனால், ஹார்ட் டிஸ்க்கே தேய்ந்துபோன கணினியில் விண்டோஸை மீண்டும் நிறுவினால், ஒருசில நாள்கள் வேகமாக இருப்பது போலத் தோன்றிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அதற்குள் திருமணப் படங்களும், கல்லூரி புராஜெக்டும், கடைக் கணக்கும் போயிருக்கும். இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு: உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டு, அதை ‘ஆக்டிவேட்’ செய்வதற்காக ஏதோ ஒரு திருட்டு மென்பொருளை ஓட்டும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அத்தகைய மென்பொருள் இயங்குவதற்காக விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பான டிஃபென்டரை முதலில் அணைத்துவிடுகிறார்கள். வேகத்துக்காக ஃபார்மட் செய்தவர், கதவைத் திறந்துவைத்த கணினியோடு வீடு திரும்புகிறார்.

ஃபார்மட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: பார்ப்பது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸிலேயே இருக்கும் இந்தக் கருவிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. எதையும் பதிவிறக்கவும் வேண்டியதில்லை. அதில் சி.பி.யூ. (புராசசர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்ற பத்திகளின் தலையில் சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும். கணினி திணறும் அதே நேரத்தில் இந்த மூன்றில் எது உச்சத்தில் நிற்கிறது என்று கவனித்தால், பாதி நோயறிதல் முடிந்துவிடும். இங்கேயும் ஓர் அவசரத் தவறு நேர்கிறது. கணினியை இயக்கிய முதல் ஐந்து நிமிடங்களில் தெரியும் எண்களை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. விடுமுறைக்கு ஊருக்கு வந்த மாணவர் மாதக்கணக்கில் மூடிவைத்திருந்த கணினியைத் திறந்தால், நிலுவையிலிருந்த அப்டேட், டிஃபென்டரின் சோதனை, கோப்புகளைத் தேடுவதற்கான அட்டவணை தயாரிப்பு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் எந்தக் கணினியும் திணறும். சார்ஜரில் போட்டு ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, அதன் பிறகு பார்ப்பதே முறை. பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால், பாதியில் நின்ற அப்டேட் புதிய கோளாறாக மாறிவிடும்.

டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குச் சென்று சி.பி.யூ.வைத் தேர்ந்தெடுத்தால், ‘அப் டைம்’ என்று ஒரு கணக்கு தெரியும். ஒவ்வோர் இரவும் முறையாக ஷட் டவுன் செய்பவரின் கணினியிலும் அது பல நாள்களைக் காட்டுவதுண்டு. காரணம், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இயங்கும்போது, ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் தன் மையப் பகுதியின் நிலையை டிஸ்க்கில் சேமித்துவைத்து, மறுநாள் அதையே எடுத்துத் தொடர்கிறது. முழுமையாகப் புதிதாய்த் தொடங்க வேண்டுமானால் ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும். நாள்பட்டுச் சேர்ந்த மந்தம் இதிலேயே நீங்கிவிடுவதுண்டு. கடைக்குக் கிளம்புவதற்கு முன் இதைச் செய்து பார்க்காமல் விடுவது வருந்தத்தக்கது.

இனி டிஸ்க். பழைய கணினிகளில் பெரும்பகுதித் தொல்லை இங்கேதான் இருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க். அதன் முள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்துதான் படிக்க வேண்டும். ஒரு பெரிய வீடியோவைத் தொடர்ச்சியாகப் படிக்கச் சொன்னால் நொடிக்கு 100 எம்.பி. அளவில் அது தந்துவிடும். ஆனால் விண்டோஸ் கேட்பதோ ஆயிரக்கணக்கான சிறு சிறு கோப்புகளை. அதனால்தான் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கும்போது, உண்மையில் படிக்கும் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு எம்.பி.யாக மட்டும் இருக்கும் காட்சியைக் காண்கிறோம். அப்போது பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைத் திறந்து, ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ என்பதைப் பார்க்க வேண்டும். அது எப்போதாவது எகிறி இறங்கினால் கவலையில்லை. கணினியில் பெரிய வேலை ஏதும் நடக்காதபோதும் நூற்றுக்கணக்கான மில்லி விநாடிகளாகவே நீடித்தால், டிஸ்க் பழுதாகி வருகிறது என்று ஐயுற வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவுகளைப் படித்து, ‘குட்’ என்றோ ‘காஷன்’ என்றோ ‘பேட்’ என்றோ காட்டும்.

காஷன் என்று வந்த பிறகு பலரும் செய்வது, இணையத்தில் யாரோ சொன்னபடி ‘செக் டிஸ்க்’ கட்டளையைக் கொடுப்பது. ‘/r’ சேர்த்துக் கொடுத்தால் டிஸ்க் முழுவதையும் ஓரிடம் விடாமல் படித்துப் பார்க்கும் அந்தச் சோதனை, சாகும் நிலையில் உள்ள டிஸ்க்குக்குத் தாங்காத சுமை. முதலில் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ எடுத்துக்கொள்ள வேண்டும். மற்ற எல்லாமே அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் மாற்ற வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிக்கு முதலில் ரேம் வாங்கிப் போடுவதும் பொதுவான தவறே. என் மதிப்பீட்டில், செலவழிக்கும் முதல் தொகை, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகத் தகவலைச் சிப்களில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.க்குப் போக வேண்டும். சுழலும் பாகமே இல்லாததால், ஹார்ட் டிஸ்க்கின் அதே இணைப்பு முறையான சாட்டா வகை எஸ்.எஸ்.டி.யே நொடிக்கு 500 எம்.பி. அளவில் படிக்கும், அதைவிட முக்கியமாக, சிறு கோப்புகளைத் தேடி முள் அலைய வேண்டிய தாமதம் முற்றிலும் நீங்கிவிடும். ஆனால் வாங்கும்போது வகை பார்க்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் பொருந்துவது 2.5 அங்குல சாட்டா வகை. சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 வடிவத்திலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகைகள் உண்டு. ஒன்றுக்கான பொருத்துவாயில் இன்னொன்று நுழைந்தாலும் வேலை செய்யாமல் போகக்கூடும். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே, ஓசூரிலோ பெங்களூருவின் எஸ்.பி. ரோட்டிலோ வாங்கச் செல்ல வேண்டும். 2 டி.பி. எஸ்.எஸ்.டி.யை நம்ப முடியாத விலைக்கு யாராவது கொடுத்தால், அது போலி என்றே கொள்ளலாம். எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு, பழைய பழக்கத்தில் சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் மூன்றாம் தரப்பு டிஃப்ராக் மென்பொருளை ஓட்ட வேண்டாம். விண்டோஸ் தானாகவே அதற்குரிய பராமரிப்பைச் செய்துகொள்கிறது. டிஃப்ராக் அதன் எழுதும் ஆயுளை வீணே குறைக்கும். சி டிரைவ் முட்ட முட்ட நிறையாமல், ஏறத்தாழ 15 சதவீதமாவது காலியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

மெமரியைப் பொறுத்தவரை, 60 அல்லது 70 சதவீதம் என்று காட்டுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. காலியாகக் கிடக்கும் ரேமை விண்டோஸ் அடிக்கடி தேவைப்படுபவற்றை வைத்துக்கொள்ளப் பயன்படுத்துகிறது; அது நல்லதே. ‘ரேம் பூஸ்டர்’ என்ற பெயரில் வரும் மென்பொருள்கள் இதை வலிந்து டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, எண்ணை மட்டும் குறைத்துக் காட்டுகின்றன. தள்ளியதை மீண்டும் படிக்கும்போது கணினி முன்பைவிட மெதுவாகிறது. 90 சதவீதத்தைத் தாண்டி நின்று, டிஸ்க்கும் கூடவே துடித்தால்தான் ரேம் போதவில்லை என்று பொருள். 4 ஜி.பி. ரேமில் குரோமில் இருபது டேப்களைத் திறந்துவைத்தால் இதுதான் நடக்கும். அப்போதும் வாங்குவதற்கு முன், டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்பதற்கு எதிரே ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால், ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றி மாற்ற இயலாது. ரேமின் தலைமுறைகளான டி.டி.ஆர்.3, 4, 5 ஆகியவை ஒன்றுக்கு மாற்றாக ஒன்று பொருந்தாதவை. டி.டி.ஆர்.3-க்குள்ளேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்ற வேறுபாடு உண்டு. குறைந்த மின்னழுத்தம் கேட்கும் கணினியில் மற்றதைப் போட்டால் திரையே வராமல் போகலாம்.

வெப்பத்தை நம் பகுதியில் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓரளவு குளிர்ச்சி உண்டு. தருமபுரி, அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துச் சித்திரை வெயிலில் மின்விசிறிக் காற்றே அனலாகத்தான் வருகிறது. கிரானைட் குவாரியும் அறுவைப் பட்டறையும் உள்ள ஊர்களில் நுண்ணிய கல்தூசி இதோடு சேர்ந்துகொள்கிறது. மடிக்கணினியின் அடிப்பகுதியைக் கழற்றிப் பார்த்தால், விசிறி சுத்தமாகவே தோன்றும்; விசிறிக்கும் அதையடுத்த மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் நடுவில்தான், சாம்பல் நிறத்தில் ஒரு கனத்த அடுக்கு காற்றே புகாதபடி படிந்திருக்கும். வெளிப்புறத்தை மட்டும் துடைப்பவர்கள் கண்ணில் அது படுவதில்லை. சூடு எல்லை மீறும்போது புராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ‘பேஸ் ஸ்பீட்’ 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றிருக்க, கடினமான வேலையின் நடுவிலும் ஓடும் வேகம் 1-க்குக் கீழே கிடந்தால், வெப்பத்தையும் சார்ஜரையும்தான் முதலில் ஐயுற வேண்டும்.

சுத்தம் செய்வதிலும் தவறுகள் உண்டு. பஞ்சர் கடை கம்ப்ரஸரின் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்கும், அழுத்தமும் மிகுதி. அதைப் பாய்ச்சினால் விசிறியின் அச்சு கெட்டுப்போகும். கணினியை அணைத்து, சார்ஜரை நீக்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசியை எடுப்பதே பாதுகாப்பானது. மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்து வேலை செய்யும் பழக்கம் அடிப்பக்கத்துத் துளைகளை மூடிவிடுகிறது. ஒரு மரப்பலகை இதைத் தீர்த்துவிடும். சார்ஜரைப் பொறுத்தவரை, 65 வாட் கேட்கும் கணினிக்கு 45 வாட் சார்ஜரைச் செருகினாலோ, தன் சார்ஜரை அடையாளம் காண முடியாமல் போனாலோ, சில மாடல்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கரண்ட் போய்ப் பேட்டரியில் ஓடும்போது வேகம் சற்றுக் குறைவதோ இயல்பானது. அதைக் கோளாறாகக் கருத வேண்டாம்.

மென்பொருள் பக்கத்தில் சுருக்கமாகச் சில. இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒரே கணினியில் இருந்தால், ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் சோதிக்கப் பார்க்கும். ஒன்று போதும், வீட்டுக்கு டிஃபென்டரே போதும். விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் வேகத்தைக் கூட்டுவதில்லை, தேவையான பதிவை அழித்துவிடுவதுண்டு. டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பகுதியில், கணினி திறந்ததும் தாமாக ஓடும் தேவையற்ற செயலிகளை நிறுத்துவதே பயனுள்ள வேலை. ‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரையில் தோன்றும் எதுவும் மோசடியே.

வத்தல்மலை, அஞ்செட்டி போன்ற மலைப்பகுதிகளில் செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை செய்பவர்கள், இணையம் மெதுவாக இருப்பதையே கணினியின் குறையாகக் கொள்வதுண்டு. வைஃபையை அணைத்துவிட்டு, கணினியில் உள்ள ஒரு பெரிய பி.டி.எஃப். கோப்பைத் திறந்து பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். விண்டோஸின் வைஃபை அமைப்பில் ஹாட்ஸ்பாட்டை ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ (டேட்டா அளவுக் கட்டுப்பாடுள்ள இணைப்பு) என்று குறித்துவைத்தால், பெரும்பாலான அப்டேட்கள் தாமாக இறங்கிச் சிக்னலைத் தின்பது குறையும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பழைய கணினிகளில் குறுக்குவழியில் விண்டோஸ் 11-ஐத் திணிக்கும் ஆர்வம் பெருகியிருக்கிறது. விண்டோஸ் 11 கேட்கும் 4 ஜி.பி. ரேம் என்பது குறைந்தபட்ச அளவு மட்டுமே. தகுதியில்லாத கணினியில் அதைப் போட்டு மேலும் மெதுவாக்குவதைவிட, இணையம், தட்டச்சு, ஆன்லைன் வகுப்பு ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படும் கணினியில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்ப்பது நல்லது. கணக்கு எழுதும் டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பியிருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

இரண்டு அறிகுறிகள் தெரிந்தால் வீட்டில் எதையும் தொடரக் கூடாது. டச்பேட் மேலெழுந்தோ அடிமூடி பிதுங்கியோ இருந்தால், பேட்டரி உப்பியிருக்கிறது; அதைக் குத்துவதோ அழுத்துவதோ தீப்பிடிக்கச் செய்யும், சார்ஜ் போடுவதையும் உடனே நிறுத்த வேண்டும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டிக், டிக்’ என்று சீரான ஒலி வந்தால், உள்ளே இருப்பவை இழக்கக் கூடாத கோப்புகள் எனில், மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காமல் அணைத்து, தகவல் மீட்பில் அனுபவமுள்ளவரிடம் கொடுக்க வேண்டும். எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும், டாஸ்க் மேனேஜரிலும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவிலும் கண்டதைப் போனில் படமெடுத்து உடன் எடுத்துச் செல்லுங்கள். கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். டிஸ்க்கை மாற்றினால், கழற்றிய பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் உங்கள் படங்களும் கணக்குகளும் இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன.