இலியட், ஒடிசி படிக்கிறவர்கள் தேவர்கள் விஷயத்தில் செய்யும் தவறுகள்

கிரேக்கக் காவியம் படிக்கக் கிளம்புகிற பலரும் முதலில் செய்கிற காரியம், தேவர்களின் வம்சாவளிப் படம் ஒன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான். உச்சியில் தேவர்களின் அரசன் ஜீயஸ், அவனுக்குக் கீழே ஒலிம்பஸ் மலைக்காரர்கள், அதற்கும் கீழே ஊற்று, தோப்பு என்று இடத்துக்கு இடம் வாழும் நிம்ஃப் பெண்கள், அடியில் மனிதர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இலியட், ஒடிசி இரண்டையும் பாடியவராகச் சொல்லப்படும் ஹோமரைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே அந்தப் படம் உதவாமல் போய்விடும், ஏனென்றால் அங்கே முக்கியமான கோடு ஒன்றே ஒன்றுதான்: சாகிறவர்கள் இந்தப் பக்கம், சாகாதவர்கள் அந்தப் பக்கம். வலி, அழுகை, பொறாமை, பொய், காமம் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொது.

இதைப் பிடித்துக்கொள்ளாததால் வருகிற முதல் தவறு, தேவர்கள் என்றால் சர்வ வல்லமை படைத்தவர்கள், நீதிமான்கள் என்று எதிர்பார்ப்பது. இலியட், கிரேக்கர்கள் ட்ராய் நகரத்தோடு நடத்தும் போரின் கதை. அதன் ஐந்தாம் காண்டத்தில் டயோமிடீஸ் என்கிற மனிதன் காதல் தேவி அஃப்ரோடைட்டின் கையில் ஈட்டியால் கீறிவிடுகிறான், அவள் அலறிக்கொண்டு ஒலிம்பஸுக்குப் போய்த் தாய் டயோனியின் மடியில் விழுகிறாள். தாய் சொல்லும் ஆறுதலைக் கேளுங்கள்: நீ மட்டுமா பட்டாய், போர்த்தேவன் ஏரெஸையே இரண்டு பேர் பிடித்து வெண்கல ஜாடிக்குள் 13 மாதம் கட்டிப்போட்டு வைத்திருந்தார்களே! அதே காண்டத்தின் முடிவில் ஏரெஸும் குத்து வாங்கி, ஒன்பதாயிரம் பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்துகிற மாதிரி கத்துகிறான். இது சிரிக்க வேண்டிய இடம், தயங்காமல் சிரிக்கலாம். ஜீயஸே ஒருமுறை மனைவி ஹீரா, சகோதரன் போஸைடன், மகள் அதீனா மூவரிடமும் கட்டுண்டு போக இருந்தவன்தான். இன்னொரு சமயம் ஹீரா அவனை மயக்கித் தூங்க வைத்துவிட, அந்த இடைவெளியில் போஸைடன் போர்க்களத்தில் கிரேக்கர்களுக்குத் தாராளமாக உதவி செய்கிறான்.

பக்தி இலக்கியம் படித்துப் பழகிய நாம் இந்த இடங்களிலெல்லாம் உள்ளர்த்தம் தேடுவோம். வேண்டியதில்லை. அதற்காக, அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் எல்லாரும் இதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். திருட்டு, கள்ளக்காதல், ஏமாற்று என்று மனிதர்களிடம் வெட்கக்கேடான அத்தனையையும் ஹோமரும் இன்னொரு பழங்கவி ஹெஸியடும் தேவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கிரேக்கச் சிந்தனையாளர் ஜெனோஃபனீஸ் கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்திலேயே கடிந்துகொண்டிருக்கிறார்.

அடுத்தது, தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் பிறந்த பிள்ளைகளைப் பற்றியது. இலியட்டின் நாயகன் அக்கிலிஸ் என்றவுடனே குதிகால் ஞாபகம் வருகிறது, இல்லையா? ஹோமரிடம் அந்தக் குதிகால் கிடையாது. தேவியான தாய் அவனைப் பாதாள உலகத்து ஸ்டிக்ஸ் நதியில் முக்கி எடுத்தாள், பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையவில்லை, அதனால் அங்கே மட்டும்தான் காயம் படும் என்பதெல்லாம் பல நூற்றாண்டுகள் கழித்து ரோமானியர் காலத்தில் எழுத்தில் கிடைக்கிற கதை. இலியட்டின் 21ஆம் காண்டத்தில் ஒருவன் எறிந்த ஈட்டி அக்கிலிஸின் வலது கையைக் கீறி ரத்தம் வருகிறது, அவ்வளவுதான் அவனுடைய தெய்வீக உடம்பு. அவனை எதுவும் ஒன்றும் செய்யாது என்று வைத்துக்கொண்டால் கதையே செத்துவிடும். இங்கேயே இருந்து போரிட்டால் அழியாப் புகழ், சீக்கிரம் சாவு; ஊருக்குத் திரும்பிப் போனால் புகழ் இல்லை, நீண்ட ஆயுள் என்று அவனே ஒன்பதாம் காண்டத்தில் சொல்கிறான். அந்தத் தேர்வுக்கு எடை கொடுப்பதே அவன் சாகப்போகிறவன் என்பதுதான்.

ஸார்பெடனை எடுத்துக்கொள்ளுங்கள், அவன் ஜீயஸின் சொந்த மகன். அவன் சாகும் நேரம் வந்ததும் காப்பாற்றிவிடலாமா என்று ஜீயஸ் தடுமாறுகிறான். செய்துகொள், ஆனால் மற்ற தேவர்கள் நாங்கள் ஒப்பமாட்டோம், நாளை ஒவ்வொருவரும் தன் பிள்ளையைக் காப்பாற்றக் கிளம்பிவிடுவார்கள் என்கிறாள் ஹீரா. ரத்தத் துளிகளை மழையாகப் பொழிவதோடு நிறுத்திக்கொள்கிறான் அப்பன். முடியாமல் விட்டானா, கூடாதென்று விட்டானா? ஹோமர் அதைத் தீர்த்துச் சொல்வதில்லை, நீங்களும் அவசரப்பட்டுத் தீர்த்துவிட வேண்டாம்.

இப்போது நிம்ஃப்கள். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறவர்கள் இவர்கள்தான். ஆற்றங்கரையில் குளித்துக்கொண்டிருக்கும் அழகிகள் என்று பிற்கால ஐரோப்பிய ஓவியங்கள் நம் மனதில் ஒரு படத்தைப் பதித்துவிட்டன. நம் ஊர் ஆட்கள் மேனகை, ரம்பை என்று நினைத்துக்கொண்டு, முனிவரின் தவத்தைக் கலைக்க வருகிறவர்களை இங்கேயும் எதிர்பார்ப்பார்கள். ஹோமரின் நிம்ஃப்கள் ஒரு குறிப்பிட்ட ஊற்றுக்கோ குகைக்கோ தோப்புக்கோ கடலுக்கோ உரியவர்கள், அந்த இடத்து மக்கள் அவர்களைக் கும்பிடுகிறார்கள். ஒடிசியின் நாயகன் ஒடிசியஸின் பன்றி மேய்ப்பன் யுமேயஸ் இறைச்சியை ஏழு பங்கு போடும்போது ஒரு பங்கு நிம்ஃப்களுக்கும் தேவர்களின் தூதன் ஹெர்மிஸுக்கும் போகிறது. ஒடிசியஸின் ஊரான இத்தாகா தீவில் அவர்களுக்கு ஒரு குகை இருக்கிறது. கல்லால் ஆன தறிகளில் நிம்ஃப்கள் நெய்கிறார்கள், அதற்கு இரண்டு வாசல்கள், வடக்கு வாசல் மனிதர்களுக்கு, தெற்கு வாசல் சாகாதவர்களுக்கு மட்டும். இருபது வருஷம் கழித்துச் சொந்த மண்ணில் கால் வைத்திருப்பது புரிந்ததும் ஒடிசியஸ் தரையை முத்தமிட்டுவிட்டு முதலில் கையுயர்த்தி வேண்டுவது இந்த நிம்ஃப்களைத்தான், பக்கத்திலேயே நிற்கும் அதீனாவைக்கூட அல்ல.

சரி, நிம்ஃப்கள் தேவர்களா இல்லையா? இலியட்டின் 20ஆம் காண்டத்தில் ஜீயஸ் கூட்டும் சபைக்குத் தோப்பு, ஊற்று, புல்வெளி நிம்ஃப்களும் வந்து உட்காருகிறார்கள். ஒடிசியஸைத் தன் தீவில் வைத்துக்கொள்ளும் கலிப்ஸோவை ஒடிசி நிம்ஃப் என்றும் தேவி என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறது. மரம் பட்டுப்போனால் அதன் நிம்ஃபும் இறந்துவிடுவாள் என்கிற செய்தி அஃப்ரோடைட்டைப் பாடும் ஒரு தனித் துதிப்பாட்டில் வருகிறது, அதைக் கொண்டுவந்து கலிப்ஸோ மேல் ஒட்டினால் ஒடிசியின் ஐந்தாம் காண்டமே அர்த்தமில்லாமல் போய்விடும்.

அந்தக் காண்டத்தைக் கொஞ்சம் நின்று படிக்கச் சொல்வேன். பத்து வருஷ ட்ராய் போர் முடிந்து ஒடிசியஸ் இன்னும் பத்து வருஷம் கடலில் அலைந்தான் என்று சொல்கிறோமே, அதில் ஏழு வருஷம் அவன் ஒகிஜியா தீவில் கலிப்ஸோவுடன், இன்னும் ஒரு வருஷம் மந்திரக்காரி சர்சியுடன். அவனை விட்டுவிடு என்று ஹெர்மிஸ் உத்தரவு கொண்டு வருகிறான். கலிப்ஸோ பணிந்துதான் போகிறாள், ஆனால் அதற்கு முன்னால் பொரிந்து தள்ளுகிறாள்: ஒரு தேவி வெளிப்படையாக மனிதனோடு படுத்தால் உங்களுக்குப் பொறுக்காது, விடியல் தேவி ஈயோஸ் ஓரியனை எடுத்துக்கொண்டாள், ஆர்டெமிஸ் அவனைக் கொன்றாள், டிமீட்டர் இயாஸியனோடு கூடினாள், ஜீயஸ் இடியால் அடித்தான். சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம் ஒடிசியஸ் பகலெல்லாம் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்து அழுகிறவன், இரவில் விருப்பமில்லாமல் அவள் பக்கத்தில் படுக்கிறவன் என்பதையும் ஹோமர் மறைக்கவில்லை. இதைக் காதல் கதை என்று படிப்பதும் தவறு, கலிப்ஸோவை வெறும் வில்லியாகப் படிப்பதும் தவறு.

அப்புறம் அந்தச் சாப்பாட்டு வேளை, பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிற இடம். கலிப்ஸோ அவன் முன்னால் மனிதர்கள் சாப்பிடுகிற உணவை வைக்கிறாள். அவளுக்கு அவள் தோழிகள் தேவர்களின் உணவான அம்ப்ரோஸியாவும் பானமான நெக்டரும் வைக்கிறார்கள். எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், தட்டுகள் வேறு. ஏழு வருஷமாக இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். சாகாவரம் தருகிறேன் என்று அவள் சொன்னதும் அவன் பதில் தெளிவாக வருகிறது: என் மனைவி பெனலோப்பி உன் அழகுக்கும் உயரத்துக்கும் ஈடில்லை, அவள் சாகிறவள், நீ மூப்பும் சாவும் இல்லாதவள், இருந்தாலும் எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

அக்கிலிஸின் தாய் தெட்டிஸின் கதை இதற்கு மறுபக்கம். கடல் நிம்ஃபான அவளை ஜீயஸ் அவள் விருப்பத்துக்கு மாறாக ஒரு மனிதனுக்குக் கட்டி வைத்தான். புருஷன் கிழவனாகி வீட்டில் தளர்ந்து கிடக்கிறான், மகனோ சீக்கிரம் சாகப்போகிறான் என்று கொல்லர் தேவன் ஹெஃபெஸ்டஸிடம் அழுகிறாள். அக்கிலிஸின் உயிர்த்தோழன் பெட்ரோக்லஸ் இறந்தபோது அவளும் சகோதரிகளும் மார்பில் அடித்துக்கொண்டு அழுவது உயிரோடிருக்கும் அக்கிலிஸுக்காக. நிம்ஃப்களின் பிள்ளைகள் போரில் விழுவது இலியட்டில் திரும்பத் திரும்ப வருகிறது: ஆறாம் காண்டத்தில் அபர்பரியா என்கிற ஊற்று நிம்ஃபுக்கு ஆடு மேய்த்த இளைஞன் ஒருவன் மூலம் பிறந்த இரட்டையர்கள் சில வரிகளுக்குள் வந்து சாகிறார்கள். பெயர்ப் பட்டியல் போலத் தெரியும் இந்த வரிகளைத் தாவிவிடாதீர்கள்.

மனிதர்கள் தேவர்கள் கையில் பொம்மைகள் என்பது இன்னொரு தப்பான வாசிப்பு. கிரேக்கப் படைத் தலைவன் அகமெம்னானைக் கொல்ல அக்கிலிஸ் வாளை உருவும்போது அதீனா வந்து தலைமுடியைப் பிடித்து இழுக்கிறாள், உண்மைதான், ஆனால் அவள் சொல்வது, கேட்பாயானால் நிறுத்து என்பதுதான். தன் புத்தியை ஜீயஸும் விதியும் கெடுத்துவிட்டதாகச் சொல்லும் அகமெம்னான், அதே மூச்சில் அக்கிலிஸுக்கு நஷ்ட ஈட்டையும் கொடுக்கிறான். ஒடிசியின் தொடக்கத்தில் ஜீயஸ் அலுத்துக்கொள்கிறான், மனிதர்கள் எதற்கெடுத்தாலும் நம்மைக் குறை சொல்கிறார்கள், அகமெம்னானைக் கொன்ற ஏகிஸ்தஸை, ஹெர்மிஸை அனுப்பி முன்கூட்டியே எச்சரித்தும் கேட்டானா என்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதீனா ஒடிசியஸின் நண்பன் மென்டோர் உருவில் வருவது அவதாரம் அல்ல, அவள் எங்கும் பிறக்கவில்லை. வேலை முடிந்ததும் பறவை போலப் பறந்துவிடுவாள். பாடிக் கப்பல்காரர்களை இழுக்கும் ஸைரன்களுக்கு மீன்வால் கிடையாது, ஹோமர் அவர்கள் உருவத்தைச் சொல்லவே இல்லை, பழைய கிரேக்கப் பானைகளில் பறவை உடம்போடு இருப்பார்கள். ட்ராய் நகரத்தை வீழ்த்திய மரக்குதிரையை இலியட்டில் தேடாதீர்கள், அந்தக் காவியம் ட்ராய் வீரன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது; குதிரை ஒடிசியில்தான் நினைவுகூரப்படுகிறது. ஒடிசியஸுக்கு யுலிஸிஸ், ஜீயஸுக்கு ஜூபிடர், அதீனாவுக்கு மினர்வா என்று வந்தால் ரோமானியப் பெயர்கள் கலந்த பிரதி உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம், படிக்கலாம், குழம்பாமல் இருந்தால் போதும்.

முதல்முறை படிக்கிறவர்கள் ஒடிசியின் ஐந்தாம் காண்டத்திலிருந்தே தொடங்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது. இலியட்டில் இரண்டாம் காண்டத்துக் கப்பல் பட்டியலில் மாட்டிக்கொண்டு புத்தகத்தை மூடியவர்கள் நிறையப் பேர்; அதை ஒதுக்கிவிட்டு ஆறாம் காண்டத்துக்குப் போங்கள், பிறகு பட்டியலுக்குத் திரும்பி வரலாம்.