"ஒண்ணுமில்லண்ணா" என்று சொல்லாதீர்கள்: பயமும் பெருமையும் சேர்ந்து செய்யவைக்கிற தவறுகள்

போன வெள்ளிக்கிழமை கொளத்தூரில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டம். வரிசையாக ஜெபக்குறிப்பு கேட்டுக்கொண்டே வந்தபோது ஒரு தம்பி, "எனக்கு ஒண்ணுமில்லண்ணா, ஆண்டவர் நல்லா நடத்துறார்" என்றான். அவனுக்கு 2 மாதமாகச் சம்பளம் வரவில்லை என்று, அவனோடு தங்கியிருக்கிற பையன் வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னான். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. அதே வார்த்தையை அதே சிரிப்போடு நானும் 7 மாதம் சொன்னவன்.

வேதம் வாசிக்காமல் இருப்பது, ஜெபத்தில் தூங்குவது எல்லாம் இங்கே வேண்டாம். அது தவறு என்று செய்கிறவருக்கே தெரியும். பக்தி மாதிரியே தெரிகிற தவறுகளைத்தான் சொல்ல வந்தேன்.

பயம் வந்தாலே விசுவாசம் போச்சு என்று நினைப்பது

"நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது 56ஆம் சங்கீதம். பெலிஸ்தர் கையில் காத் ஊரில் அகப்பட்டபோது தாவீது பாடியது. ஸ்கேன் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும்போது கை நடுங்கினால் நடுங்கட்டும். அந்தக் கையைக் கூப்பியே ஜெபம் பண்ணலாம்.

கஷ்டத்தைச் சபைக்கு மறைப்பது

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பார்த்துவந்த ஸ்டோர்ஸ் வேலை ஒரு மார்ச் மாதம் போனது. வீட்டில் சொன்னேன், சபையில் சொல்லவில்லை. கூட்டத்தில் விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவனுக்கே வேலை இல்லையென்றால் என்ன நினைப்பார்கள் என்கிற பயம். போய்க் கையேந்தி நிற்க நானா என்கிற பெருமை. எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று இன்றைக்கும் என்னால் பிரிக்க முடியவில்லை.

எங்கள் சபையில் காணிக்கைக் கவரில் பெயர் எழுதித் தரவேண்டும். தொகை குறைந்தால் தெரிந்துவிடுமே என்று, மனைவியின் வளையலை அடகு வைத்து, வராத சம்பளத்துக்குத் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) போட்டேன். அன்று ராத்திரி அவள் கேட்டாள்: "நீங்க காணிக்கை போடுறது ஆண்டவருக்கா, அந்தக் கவரைப் பிரிக்கிறவருக்கா?" நான் பதில் சொல்லவில்லை.

கடைசியில் அவளே ஒரு வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் உடைத்துச் சொன்னாள். என் பக்கத்து நாற்காலியில் வாரா வாரம் உட்காருகிற பெரியவர் திரும்பிப் பார்த்தார். "கிண்டியில எங்க கம்பெனி ஸ்டோர்ஸுக்கு ஆள் தேடி நாலு மாசம் அலைஞ்சேனே தம்பி" என்றார். அந்த இடம் அதற்குள் நிரம்பிவிட்டது. வளையல், வட்டி கட்ட முடியாமல், அடுத்த வருடம் ஏலத்துக்குப் போனது.

அதற்கப்புறம்தான் 1 சாமுவேல் 15ஐ ஒழுங்காகப் படித்தேன். தேவன் சொன்னதை மீறிய ராஜா சவுல், 12ஆம் வசனத்தில் தனக்கு ஜெயஸ்தம்பம் நாட்டுகிறான். 24இல், ஜனங்களுக்குப் பயந்தேன் என்கிறான். 30இல் பாவம் செய்தேன் என்று ஒத்துக்கொண்ட கையோடு, மூப்பர்கள் முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் கெஞ்சுகிறான். ராஜ்யமே கைவிட்டுப் போகிறது, அவனுக்கு மூப்பர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலை. அந்த அதிகாரத்தை என்னால் இன்றும் வேகமாக வாசிக்க முடிவதில்லை.

மத்தேயு 26ஐயும் பாருங்கள். எல்லாரும் இடறினாலும் நான் இடறமாட்டேன் என்ற பேதுரு, பொழுது விடிவதற்குள் ஒரு வேலைக்காரிக்குப் பயந்து, இயேசுவைத் தெரியாது என்று மறுதலிக்கிறார். இடையில் கெத்செமனேயில் இயேசுவோ, தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கத்தில் இருப்பதைச் சொல்லி, என்னோடுகூட விழித்திருங்கள் என்று கேட்கிறார். ஆண்டவரே வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். நமக்கு என்ன கூச்சம்?

அவர் எல்லாரிடமும் சொல்லவில்லை, மூன்று பேரிடம்தான் சொன்னார். நீங்களும் மைக்கில் சொல்ல வேண்டாம், வாய் காக்கிற இரண்டு மூன்று பேர் போதும். ஆனால் "பொருளாதாரத் தேவைக்காக ஜெபியுங்கள்" என்று பொத்தாம்பொதுவாக நிறுத்தாதீர்கள். வாடகை எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் கட்டவேண்டும், உங்களுக்கு என்ன வேலை தெரியும், எல்லாவற்றையும் சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்கும் ஒன்று: அடுத்தவர் ஜெபக்குறிப்பை அன்றைக்கே போன் போட்டு ஊருக்குச் சொல்கிறவர்களால்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. அதை நிறுத்துங்கள்.

பயத்துக்குத் "தேவசித்தம்" என்று பெயர் வைப்பது

"காத்திருந்து ஜெபிக்கிறேன் அண்ணா" என்பார்கள். விசாரித்தால் அப்ளிகேஷனே போட்டிருக்க மாட்டார்கள். பெர்சிய ராஜாவிடம் வேலை பார்த்த நெகேமியாவும், இடிந்த எருசலேமைக் கட்டப் போவதற்காக, கிஸ்லேவ் மாதத்திலிருந்து நிசான் மாதம் வரை, ஏறக்குறைய 4 மாதம், காத்திருந்தார். ராஜா கேட்டபோது "மிகவும் பயந்து" என்று தானே எழுதியிருக்கிறார். ஆனாலும் அங்கேயே ஜெபித்துவிட்டு, விடுமுறை, கடிதங்கள், மரம் வரைக்கும் கேட்டுவிட்டார்.

மன்னிப்புக் கேட்கும்போது "ஆனா" சேர்ப்பது

சேர்க்காதீர்கள்.

சந்தேகத்தை விழுங்குவது

தோமாவின் பெயரோடு சேர்ந்த பரங்கிமலையும் சாந்தோமும் இருக்கிற சென்னைக்காரர்கள், இயேசுவின் சீஷரான அந்தத் தோமாவை மறக்கக் கூடாது. உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்று மற்ற சீஷர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். சொல்லிவிட்டு ஒதுங்கிப் போகவில்லை. எட்டு நாளைக்குப் பிறகும் அதே வீட்டில், அவர்களோடுதான் இருந்தார். ஆண்டவர் வந்தது அங்கேதான்.

இந்த வெள்ளி கூட்டம் ஏழரைக்கு. அந்தத் தம்பியை ஆறரைக்கே டீ குடிக்க வரச்சொல்லியிருக்கிறேன். அவனிடம் எதுவும் கேட்பதற்கு முன்னால், வளையல் கதையை நான் சொல்லவேண்டும்.