பிப்ரவரியில் குரோக்கஸ்: குனிந்து பார்க்க வேண்டிய பூ

தெற்கு லண்டனில் க்ராய்டனுக்கு வந்த முதல் இரண்டு வருடமும் நான் குரோக்கஸைக் கூம்பிய மொட்டாக மட்டுமே பார்த்தேன். பிப்ரவரியில் வேலைக்குக் கிளம்பும்போது சரியாக விடிந்திருக்காது, திரும்பும்போது இருட்டியிருக்கும். வாசல் புல்லில் பென்சில் முனை மாதிரி வெளிர் ஊதாவாக நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பூவே அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் வெயில் அடித்த கொஞ்ச நேரத்தில் அத்தனையும் நட்சத்திரமாக விரிந்து, நடுவில் ஆரஞ்சுத் திரி தெரிந்தது. செருப்புகூடப் போடாமல் ஈரப்புல்லில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வருடமாக வளர்க்கிறேன், அந்தச் சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: இந்தப் பூவை மதியம் போய்ப் பாருங்கள், அதுவும் வெயில் இருக்கும் நாளில். வெப்பம் ஏறும்போது இதழின் உட்பக்கம் வேகமாக நீள்கிறது, பூ விரிகிறது. குளிர்ந்தால் வெளிப்பக்கம் நீண்டு மூடிக்கொள்கிறது. வெயிலே வராத வாரமாக இருந்தால் ஒரு மொட்டை மட்டும் பறித்து, சமையலறையில் ஒரு டம்ளர் தண்ணீரில் வையுங்கள். டீ போட்டுக் குடித்து முடிப்பதற்குள் விரிந்துவிடும்.

சரி, எது எந்தக் குரோக்கஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தை நம்ப வேண்டாம். ஊதா பல வகையிலும் வரும். முதலில் இலையைப் பாருங்கள். புல் மாதிரி ஒல்லியாக, கரும்பச்சையாக, நட்டநடுவில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தால் அது குரோக்கஸ். அடுத்து, விரிந்த பூவுக்குள் மகரந்தக் காம்புகளை எண்ணுங்கள். மூன்று இருக்க வேண்டும். கடைசியாக, பூவுக்குக் கீழே மண்வரை போகும் வெளிறிய தண்டு. பார்க்கத்தான் தண்டு, உண்மையில் இதழ்கள் ஒட்டிச் சேர்ந்த குழாய் அது. சூலகம் மண்ணுக்குள் இருக்கிறது. வகை பிரிக்க எனக்கு அதிகம் உதவியது இந்தக் குழாயின் நிறம்தான்.

குழாய் வெள்ளையாக, பூ மெலிந்து வெளிர் ஊதாவாக, வெளி இதழின் முதுகில் வெள்ளி பூசினாற்போல் இருந்தால் அது தொம்மாசினியானுஸ். ட்ரியெஸ்டே நகரத்தின் மேயராகவும் தாவரவியலாளராகவும் இருந்த முட்ஸியோ தொம்மாசினியின் பெயர். இங்கே எல்லோரும் செல்லமாக ‘டாமி’ என்பார்கள். என் வாசலில் முதலில் வந்ததும் இதுதான். குளிர் கொஞ்சம் தணிந்தால் ஜனவரி கடைசியிலேயே தலை காட்டும். ‘ரூபி ஜயன்ட்’ என்று விற்பது இதில் அடர்ந்த ஊதா.

பூ பெரிதாக, ஒயின் கோப்பை போல உருண்டு, ஊதா வகைகளில் குழாயும் ஊதாவாக இருந்தால் அது வெர்னுஸ், ‘டச்சு குரோக்கஸ்’. மார்ச்சில்தான் வரும். வெள்ளையில் ‘ஜான் தார்க்’, கோடு போட்டதில் ‘பிக்விக்’ எல்லாம் இந்தக் குடும்பம். கிரிசாந்துஸ் வகை குட்டையாக, மஞ்சளும் பாலாடை நிறமும் வெளிர் நீலமுமாக வரும். ‘கிரீம் பியூட்டி’யை ஒரு தொட்டியிலாவது வையுங்கள். அப்புறம் ஸீபெரி ‘ட்ரைகலர்’: வெளியே ஊதா, நடுவே வெள்ளை வளையம், அடியில் மஞ்சள். ஒருமுறை பார்த்தால் வேறு எதோடும் குழம்பாது.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். குரோக்கஸ் என்றதும் நம் ஆட்கள் கேட்பது, “குங்குமப்பூ வருமா?” என்றுதான். பிப்ரவரியில் பூக்கும் எதிலும் வராது. குங்குமப்பூ தரும் ஸட்டைவுஸ் அக்டோபரில் பூக்கும், அதன் மூன்று சிவப்புச் சூல்முடிகள்தான் நாம் பாலில் போடுவது. அதே இலையுதிர் காலத்தில் ‘ஆட்டம் குரோக்கஸ்’ என்ற பெயரில் கடைகளில் கொல்சிக்கம் என்று வேறொன்றும் விற்கிறார்கள். அது குரோக்கஸே அல்ல. கடும் விஷம்.

மூன்றாம் வருடம் ஒரு கடையில் ‘ஆட்டம் குரோக்கஸ்’ என்று எழுதிய பையை வாங்கிவந்தேன், குங்குமப்பூ என்று நினைத்து. கிழங்கு கைப்பிடிக்குள் அடங்காத அளவு பெரிதாக இருந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இலையே இல்லாமல் பூ மட்டும் வந்தது. வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினேன். எங்கள் ஊர் மூலனூர். அப்பா பல வருடம் பந்தல் கம்பி கட்டிக் கண்வலிக்கிழங்கு போட்டவர். “ஏங் கண்ணு, உள்ளார ஆறு காம்பு நிக்குதே, நம்ம கண்வலிப் பூவாட்டம்?” என்றார். எண்ணிப் பார்த்தேன், ஆறு. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: கண்வலிக்கிழங்கு என்ற நம் செங்காந்தளும் கொல்சிக்கமும் ஒரே குடும்பம், இரண்டிலும் கொல்சிசின் என்ற அதே விஷம். அந்த விதையைத் தொட்ட கையோடு சாப்பிட விடாமல் எங்களை வளர்த்தவர் அப்பா. அன்றைக்கு என் கை நடுங்கியது.

மூன்று என்றால் குரோக்கஸ், ஆறு என்றால் தொடாதே. குழந்தைகளுக்கும் இதையே சொல்லிக்கொடுங்கள். கொல்சிக்கத்தின் இலை பூவோடு வராது, குளிர் முடிகிற நேரத்தில் அகலமாகப் பளபளப்பாகக் கிளம்பும். அந்த இலையும் விஷம்தான், கீரை என்று பறித்துவிடாதீர்கள்.

நடுவது எளிது. கிழங்கு சின்ன வெங்காயம் அளவு இருக்கும். ஆனால் வெங்காயம் போல் அடுக்கடுக்காக இருக்காது, சேப்பங்கிழங்கு மாதிரி உள்ளே கெட்டி. செப்டம்பர், அக்டோபரில் நடுங்கள். எட்டு முதல் பத்து செண்டிமீட்டர் ஆழம், கூரான பக்கம் மேலே. ஒன்றுக்கொன்று நான்கு விரல் இடைவெளி போதும். வரிசையாக நட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறுத்தியது போல் இருக்கும். ஒரு கைப்பிடி அள்ளிப் புல்தரையில் வீசி, விழுந்த இடத்திலேயே நடுவது என் வழக்கம். வெயில் விழும் இடமாக இருக்கட்டும், நிழலில் பூ விரியாது.

எங்கள் பகுதி களிமண். குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும், அதனால் குழியின் அடியில் ஒரு பிடி பொடி ஜல்லி போடுகிறேன். உரம் எதுவும் போட்டதில்லை.

அணில்தான் பெரிய கவலை. இங்கே இருப்பது சாம்பல் நிறத்தில் பூனைக்குட்டி பருமனுக்கு வளரும் அணில். முதல் வருடம் நட்ட ஐம்பது வெர்னுஸில் முப்பதுக்கு மேல் ஒரே வாரத்தில் தோண்டித் தின்றுவிட்டது. இப்போது நட்டதும் மேலே கோழிவலையை விரித்து, ஓரத்தில் செங்கல் வைக்கிறேன். முளை தெரிந்ததும் எடுத்துவிடுவேன். டாமியை அணில் அவ்வளவாகச் சீண்டுவதில்லை. முதன்முதலாக நடுகிறவர்கள் அதிலிருந்தே தொடங்குங்கள். தானாக விதை விழுந்தும் பெருகும்.

பூ முடிந்த பிறகுதான் பலரும் தவறு செய்கிறார்கள். இலை நீண்டு, சாய்ந்து, அலங்கோலமாகக் கிடக்கும். புல்வெட்டியை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். பழைய கிழங்கு வற்றி, அதன் தலைமேல் புதுக் கிழங்கு உருவாவது அந்த இலை சமைத்துத் தரும் சாப்பாட்டில்தான். ஆறு வாரமாவது விடுங்கள், மஞ்சளாகித் தானாகச் சாயட்டும். பச்சையாக அறுத்தால் அடுத்த பிப்ரவரியில் வெறும் இலைதான் வரும்.

பிப்ரவரி வெயிலில் குளிர்கால உறக்கத்திலிருந்து எழுந்துவரும் பம்பிள் பீ என்ற குண்டுத் தேனீயின் ராணிகளுக்கு மலர்ந்திருக்கும் பூ வேறு அதிகம் இருக்காது. ரோமம் முழுக்க மஞ்சள் தூளாக அவை பூவுக்குள் கிடப்பதைப் பார்த்தபிறகு, உள்ளே நுழைய வழியில்லாமல் இதழ் அடுக்கிய இரட்டைப் பூக்களை வாங்குவதை நிறுத்திவிட்டேன். லண்டனில் இருப்பவர்கள் பிப்ரவரி கடைசியில் கியூ தோட்டம் போய்வாருங்கள். விக்டோரியா வாசலுக்குப் பக்கத்தில் தரை முழுக்க இந்தப் பூ விரித்திருக்கும். ஊர்ப் பூங்காவில் ஊதாக் குரோக்கஸ் மட்டும் கூட்டமாகத் தெரிந்தால், ரோட்டரி சங்கத்தார் நட்டதாக இருக்கலாம். போலியோ சொட்டு மருந்து குடித்த குழந்தையின் சுண்டுவிரலில் வைக்கும் ஊதா மையின் நினைவாக நடுகிறார்கள்.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பூ இருக்கும்போது தோட்டத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெறுமையாக இருக்கும் இடங்களில் ஐஸ் குச்சியைச் செருகி, அங்கே என்ன நிறம் வேண்டும் என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மழையில் கரைந்துவிடும். மே மாதத்துக்குள் இலையெல்லாம் மறைந்து எது எங்கே என்று தெரியாமல் போகும். அக்டோபரில் களைக்கொத்தோடு போகும்போது அந்தக் குச்சிதான் வழிகாட்டும்.